தடம்புரட்டி என்றொரு புரட்டு

ஒரே வாரத்தில் மூன்று முறை ‘தடம்புரட்டி’ கேட்டாகிவிட்டது. முதலில் ஒரு காணொளியின் தமிழ்க் குரலில். அப்புறம் ஒரு மிதிவண்டிக் கையேட்டின் மொழிபெயர்ப்பில்: “சங்கிலித் தேய்ப்பை நிறுத்த முன் தடம்புரட்டியைச் சரிசெய்யவும்.” மூன்றாவதாக, நன்றாகவே தமிழ் எழுதும் நண்பர் ஒருவர் வாயில். முதல் இரண்டையும் பொறுத்துக்கொண்டேன்.

கியர் சைக்கிளில் சங்கிலியை ஒரு பற்சக்கரத்திலிருந்து பக்கத்துச் சக்கரத்துக்கு ஏற்றி இறக்கும் உறுப்பைத்தான் சொல்கிறார்கள். டிரெய்லியர் என்பது புழக்கத்திலுள்ள பெயர். கொஞ்சம் அவசரமாக எழுதினால் ‘டிரெய்லர்’ ஆகிவிடும், படிப்பவர் சினிமா முன்னோட்டம் என்று நினைத்துக்கொள்வார். ஆகவே தமிழ்ச்சொல் ஒன்று வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை.

வேர் பிரெஞ்சு. ‘டெராயே’ என்றால் தண்டவாளத்தை விட்டு விலகுவது. அதைச் செய்விப்பது ‘டெராயர்’. அதற்குள் இருக்கும், தண்டவாளம் என்று பொருள்படும் ‘ரயில்’ ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்குப் போனது. அதற்கும் முன்பு பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் மூலம் நேர்கோல் என்று பொருள்படும் லத்தீன் ‘ரெகுலா’. வேர் பற்றி இது போதும்.

தடம்புரட்டிக்காரர்களின் வாதம் எளிமையானது: மூலத்தில் தடம்புரளல் இருக்கிறது, அதை அப்படியே கொண்டுவந்தோம் என்கிறார்கள். சரி, அப்படியே கொண்டுவந்தார்களா? மூலத்தில் இருப்பது தண்டவாளம், விலகல். தமிழில் ‘தடம் புரண்டது’ என்றால் செய்தித்தாளில் வரும் ரயில் விபத்து. பெட்டி கவிழ்ந்து கிடக்கும் படம் கூடவே மனதில் வரும். இங்கே சங்கிலி கவிழ்வதும் இல்லை, உருள்வதும் இல்லை. ஒரு சக்கரத்தின் பல்லை விட்டு அடுத்த சக்கரத்தின் பல்லைப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். சங்கிலி நிஜமாகவே எல்லாச் சக்கரத்தையும் விட்டு வெளியே விழுந்தால் நாம் ‘செயின் கழன்றுவிட்டது’ என்போம். அந்த விபத்து நடக்காமல் பார்த்துக்கொள்வதும் இந்தக் கருவியின் வேலைதான். காவல்காரனுக்குத் திருடன் என்று பெயர் வைத்த கதை.

இன்னொன்று, ‘புரட்டு’ என்றாலே பொய், பித்தலாட்டம். தடம்புரட்டி என்று கேட்டதும் ஊரை ஏமாற்றித் திரியும் ஒருவன் முகம்தான் எனக்குத் தெரிகிறது.

சரி, பிற மொழிக்காரர்கள் என்ன செய்தார்கள்? ஜெர்மானியர் முன்னால் இருப்பதை ‘உம்வெர்ஃபர்’ என்கிறார்கள், அப்பால் தள்ளிவிடுவது என்ற பொருளில். பின்னால் இருப்பதற்கு வேறு சொல். இத்தாலியர் பின்னதை வெறுமனே ‘காம்பியோ’, அதாவது மாற்றம், என்று முடித்துவிட்டார்கள். பிரிட்டனில் பேச்சுவழக்கில் ‘மெக்’, அதுவும் மெக்கானிசத்தின் வால் நறுக்கிய வடிவம். இந்தச் சொற்களில் எதுவும் பிரெஞ்சு மூலத்தை எழுத்துக்கு எழுத்து சுமக்கவில்லை. நாம் மட்டும் ஏன் சுமக்கிறோம்?

‘சங்கிலிமாற்றி’ என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நானும் சில காலம் எழுதினேன், தப்பு என்று தெரிந்ததும் விட்டுவிட்டேன். மின்மாற்றி மின்சாரத்தை மாற்றுகிறது, அது பொருந்துகிறது. ஆனால் சங்கிலியை மாற்றுவது என்றால் தேய்ந்த சங்கிலியைக் கழற்றிப் புதிது போடுவது. ‘சங்கிலிமாற்றியைத் திருகுங்கள்’ என்றால் படிப்பவர் மெக்கானிக்கின் காதைத் திருகப் போய்விடலாம். ‘பல்மாற்றி’ நேராகப் பல் மருத்துவரிடம் அனுப்பும். ‘சங்கிலிதள்ளி’ எனக்குப் பிடித்த சொல், சுமைதாங்கி, இடிதாங்கி போல எளிமையானது. ஆனால் ‘தள்ளி’ என்பதற்கு விலகி என்றும் பொருள் இருப்பதால் ‘முன் சங்கிலி தள்ளி நிற்கிறது’ போன்ற வாக்கியங்களில் மாட்டிக்கொள்கிறது. கடைசியில் ‘சங்கிலி நகர்த்தி’ என்பதில் வந்து நின்றேன். முன்நகர்த்தி, பின்நகர்த்தி என்று சுருக்கவும் வரும். செய்யும் வேலையைச் சொல்கிறது, யாரையும் பயமுறுத்தவில்லை.

அந்தக் கையேட்டு வாக்கியத்தின் மற்ற பாதியையும் பார்க்க வேண்டும். ‘சங்கிலித் தேய்ப்பு’ என்றால் என்ன? சோப்புப் போட்டுத் தேய்ப்பதா? சக்கரம் சுற்றும்போது சங்கிலி தனக்கு இருபுறமும் நிற்கும் முன்நகர்த்தித் தகடுகளில் ஒன்றில் பட்டு ‘சர்ர்ர்’ என்கிறதே, அதற்குத் தமிழில் உரசல் என்று ஒரு சொல் ஏற்கெனவே இருக்கிறது. உரசல் என்று எழுதினால் எங்கே பார்க்க வேண்டும் என்பதும் புரிந்துவிடும்: உள்தகட்டில் உரசுகிறதா, வெளித்தகட்டில் உரசுகிறதா? முன்னால் சின்னச் சக்கரத்திலும் பின்னால் மிகப் பெரியதிலும் சங்கிலியைப் போட்டுப் பாருங்கள். உள்தகட்டில் உரசினால், கேபிள் தளர்ந்துதான் இருக்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டு, ‘எல்’ குறியிட்ட திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்த வேண்டும். நூலிழை இடைவெளி, அரை மில்லிமீட்டர் போல, வந்தால் போதும். ரொம்பத் தளர்த்தினால் சங்கிலி சின்னச் சக்கரத்தையும் தாண்டி உள்பக்கமாக விழும். முன்னால் பெரியது, பின்னால் மிகச் சின்னது என்ற நிலையில் வெளித்தகடு உரசினால், முதலில் கேபிளின் இறுக்கத்தைப் பாருங்கள், அப்புறம் ‘எச்’ திருகு. இதற்கெல்லாம் முன்பே, வெளித்தகடு பெரிய சக்கரத்தின் பற்களுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மேலே, சக்கரத்துக்கு இணையாக நிற்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். அது கோணலாக இருந்தால் எந்தத் திருகும் காப்பாற்றாது.

கையேட்டில் இந்தத் திருகுகளுக்கு ‘வரம்புத் திருகு’ என்று போட்டிருக்கிறார்கள். நியாயமாகப் பாராட்ட வேண்டும், அருமையான சொல். வரம்பு என்பது வயலின் வரப்பும்தானே. இதற்கு மேல் போகாதே என்று நகர்த்தியைத் தடுத்து நிற்கும் சின்ன வரப்பு. இவ்வளவு தெரிந்தவருக்கு அடுத்த பக்கத்தில் என்ன ஆயிற்றோ தெரியவில்லை. கியர் மாற்றும் சில கைப்பிடிகளில் கியர் மாறாமல் தகட்டை மட்டும் இம்மியளவு நகர்த்தி உரசலைத் தவிர்க்க வசதி உண்டு, ‘டிரிம்’ என்பார்கள். அதை ‘கத்தரித்தல்’ என்று எழுதியிருக்கிறார். கேபிளைக் கத்தரிக்கக் கத்தரிக்கோலோடு உட்காரப்போகும் வாசகரை நினைத்தால் பாவமாக இருக்கிறது. ஒரு தடவையாவது சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம். அகராதியில் டிரிம்முக்கு முதலில் வரும் பொருளை எடுத்து ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள். டிரிம்முக்கு ‘அரைத்தட்டு’ என்று சொல்லிப் பார்த்தேன், நண்பருக்கு உடனே விளங்கியது. தடம்புரட்டியை மட்டும் இன்னும் விடமாட்டேன் என்கிறார்.