22 வயது குவாட்டர்பேக்கை எத்தனை நாள் பொறுப்பது?

2024 அக்டோபர் 27, ஹூஸ்டன். அமெரிக்கக் கால்பந்து ஆட்டம். இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் அணியின் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ஆண்டனி ரிச்சர்ட்சன், துரத்தி வந்த ஆட்களிடமிருந்து தப்பி ஓடி, கடைசியில் அகப்பட்டு விழுந்தார். எழுந்தவர், பதிலாள் வேண்டும் என்று சைகை காட்டிவிட்டு வெளியே நடந்தார். மூன்றாவது டவுன் (பந்தை முன்னேற்றக் கிடைக்கும் நான்கு முயற்சியில் மூன்றாவது), புள்ளி எடுக்க வாய்ப்புள்ள நேரம். காயம் எதுவும் இல்லை. ஆட்டம் முடிந்து நிருபர்கள் கேட்டபோது, களைத்துப்போயிருந்தேன், கொஞ்சம் ஓய்வு தேவைப்பட்டது என்று ஒளிக்காமல் சொன்னார்.

அன்று அவர் எறிந்த 32 பந்துகளில் 10 மட்டுமே சக வீரர் கைக்குப் போய்ச் சேர்ந்தன. கோல்ட்ஸ் 20-23 என்று தோற்றது. இரண்டே நாளில் அவரை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, 39 வயது ஜோ ஃப்ளாக்கோவை இறக்கினார் தலைமைப் பயிற்சியாளர் ஷேன் ஸ்டைக்கன்.

ரிச்சர்ட்சனுக்கு அப்போது வயது 22. 2023 டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) நான்காவது ஆளாக எடுக்கப்பட்டவர். நல்ல உயரம், மின்னல் ஓட்டம், மைதானத்தின் பாதி தூரத்தை அநாயாசமாகக் கடக்கும் எறி. ஆனால் கல்லூரியில் அவர் தொடக்க வீரராக ஆடியது 13 ஆட்டங்கள்தான். இப்படிப்பட்ட பையனைப் பொறுத்துக்கொள்வதா, உட்காரவைப்பதா? அமெரிக்காவில் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் கிளம்பும் சண்டை இது. பெரும்பாலும் குணத்தைப் பற்றிய சண்டையாகவே முடியும். மூளை எப்படிக் கற்கிறது என்பதைப் பார்த்துவிட்டு அதே கேள்விக்கு வந்தால், கேள்வியே கொஞ்சம் உருமாறிவிடுகிறது.

முதலில் அந்த வேலை என்ன என்று கிட்டத்தில் பார்ப்போம். ஒரு பிளே (திட்டமிட்ட ஒரு நகர்வு) முடிந்ததும் அடுத்ததைத் தொடங்க 40 நொடி. குவாட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் சின்ன ஸ்பீக்கர் உண்டு. எந்த பிளே என்று அதில் பயிற்சியாளர் சொல்வார். அந்தப் பெயரே ஒரு முழு வாக்கியம் நீளம் இருக்கும். அதைக் காதில் வாங்கி, சுற்றி நிற்கும் பத்துப் பேருக்கும் பிசகாமல் சொல்லவேண்டும். கடிகாரத்தில் 15 நொடி மிச்சம் இருக்கும்போது ஸ்பீக்கர் தானாக அணைந்துவிடும். அதற்குப்பின் அவர் தனி.

அந்தப் பதினைந்து நொடியில் எதிரே நிற்கும் 11 பேரைப் படிக்கவேண்டும். ஆழத்தில் நிற்கும் சேஃப்டிகள் (கடைசிக் காவலர்கள்) ஒருவரா இருவரா? ஓரத்தில் நிற்பவர் பாய்ந்து வரப்போகிறாரா, வருவதுபோல் பாசாங்கா? பந்து கைக்கு வந்தபின் கிடைப்பது சுமார் இரண்டரை, மூன்று நொடி. அதற்குள் முதல் ஆளைப் பார், அடைபட்டிருந்தால் இரண்டாவது, அப்புறம் மூன்றாவது. இதற்கிடையே 130 கிலோ ஆட்கள் அவர் முட்டியைக் குறிவைத்து வந்துகொண்டிருப்பார்கள்.

அனுபவசாலிகள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதற்கான குறிப்பு சதுரங்கத்தில் கிடைத்தது. 1973இல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இரு ஆய்வாளர்கள், ஆட்டத்தின் நடுவில் இருக்கும் ஒரு பலகையை ஐந்து நொடி காட்டிவிட்டு மறைத்தார்கள். காய்கள் எங்கெங்கே இருந்தன என்று கேட்டதற்கு, தேர்ந்த ஆட்டக்காரர் புதியவரைவிட மிக அதிகமான காய்களைச் சரியாக அடுக்கினார். அதே காய்களைக் கண்டபடி இறைத்துவைத்துக் கேட்டபோது அந்த மேன்மை ஏறக்குறைய காணாமல்போனது. நிபுணரின் நினைவாற்றல் பொதுவாகப் பெரிதல்ல. தனித்தனிக் காய்களாகப் பார்க்காமல், பழகிய கொத்துக்கொத்தாகப் பார்க்கிறார், அவ்வளவுதான்.

அதேபோல, புதிய குவாட்டர்பேக்குக்கு எதிரே தெரிவது 11 மனிதர்கள். பத்து வருடம் ஆடியவருக்குத் தெரிவது இரண்டு மூன்று உருவங்கள். அந்தக் கொத்துகள் மூளையில் உருவாக வேறு குறுக்குவழி கிடையாது. ஆயிரக்கணக்கான முறை பார்க்கவேண்டும், முடிவெடுக்கவேண்டும், முடிவு தப்பானால் உடனே தெரியவேண்டும். ஆக, 'சரியாகப் படிக்கத் தெரியவில்லை' என்ற குறைக்கு மருந்து வயது அல்ல, எண்ணிக்கை.

1998இல் பெய்டன் மேனிங் முதல் ஆண்டில் 28 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட எறி) எறிந்தார். புதுமுக வீரர்களில் இன்றுவரை அதுதான் சாதனை, யாரும் கொண்டாடாத சாதனை. அந்த ஆண்டு 3-13 (3 வெற்றி, 13 தோல்வி) என்று இருந்த கோல்ட்ஸ், அடுத்த ஆண்டு 13-3.

இதற்கு இன்னொரு பக்கம் அலெக்ஸ் ஸ்மித். 2005 டிராஃப்டில் முதல் ஆள். முதல் ஆண்டில் ஒரே ஒரு டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்த்துப் புள்ளி எடுப்பது), 11 இன்டர்செப்ஷன். சான் ஃபிரான்சிஸ்கோ அவரை விட்டுவிடவில்லை, பொறுத்தது. ஆனால் 2005 முதல் 2009 வரை ஐந்து ஆண்டில் ஐந்து தாக்குதல் பயிற்சியாளர்களை மாற்றியது. பயிற்சியாளர் மாறினால் பிளேபுக்கின் மொழியே மாறும்; நேற்றுவரை ஒரு பெயரில் பழகிய கொத்து, இன்று வேறு பெயரில் வேறு வரிசையில் வரும். கட்டிய சுவரை வருடா வருடம் இடித்துவிட்டு, ஏன் வீடு எழும்பவில்லை என்று கேட்டால் எப்படி? 2011இல் ஜிம் ஹார்பா தலைமைப் பயிற்சியாளராக வந்தபின் அதே ஸ்மித்தை வைத்து அணி 13-3 என்று ஆடியது.

பஃபலோவில் நேர்மாறாக நடந்தது. ஜோஷ் ஆலன் 2018இல் வந்தபோது எறிந்ததில் 52.8 சதவீதம்தான் சேர்ந்தது. அடுத்த ஆண்டு 58.8. மூன்றாம் ஆண்டு 69.2. முதல் நான்கு ஆண்டும் அவருக்கு ஒரே தாக்குதல் பயிற்சியாளர், பிரையன் டேபல். ஆலனின் தோள் எல்லோருக்கும் கிடைக்காது என்பது உண்மை. ஆனால் தவறு நடந்த அதே மொழியில் திருத்தமும் வந்துகொண்டிருந்தது.

சரி, முதிர்ச்சி என்று நாம் சொல்வது இது மட்டுமா? இல்லை. கோபம், அவசரம், சொன்னதைக் கேளாமை, வீடியோ பார்க்காமல் வருவது, இதெல்லாம் இருக்கிறது. இங்கே இரண்டாவது கடிகாரம் ஒன்று ஓடுகிறது.

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதி, உந்துதலுக்குக் கடிவாளம் போடுவது, பின்விளைவை எடைபோடுவது போன்ற வேலைகளில் பெரும்பங்கு வகிப்பது. மூளையிலேயே கடைசியாக முதிரும் பகுதிகளில் அதுவும் ஒன்று. நரம்பு இழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்புறை ஏறுவதும், வேண்டாத இணைப்புகள் கத்தரிக்கப்படுவதும் அங்கே இருபதுகளிலும் தொடர்கின்றன. 25 வயது பிறந்ததும் பொத்தான் போட்டதுபோல் எல்லாம் சரியாகிவிடும் என்று இணையத்தில் சொல்வார்கள், அது மிகை. சராசரி வளைவுதான் அது, ஆளுக்கு ஆள் மாறும். ஸ்கேன் எடுத்துப் பார்த்து 'இவன் தயார்' என்று எவராலும் சொல்லமுடியாது.

குவாட்டர்பேக்குக்கு இன்னும் பொருந்தும் சோதனை ஒன்று 2005இல் வெளியானது. மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் இருவரும் பதின்வயதினர், கல்லூரி வயதினர், பெரியவர்கள் என மூன்று குழுவுக்கு ஒரு கார் ஓட்டும் வீடியோ கேம் கொடுத்தார்கள். தனியாக விட்டால் மூன்று குழுவும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்துகொண்டன. கூட்டாளிகள் பக்கத்தில் நின்றபோது பதின்வயதினர் ஏகப்பட்ட ஆபத்தை விலைக்கு வாங்கினார்கள், கல்லூரி வயதினரும் ஓரளவு. பெரியவர்களிடம் பெரிதாக மாற்றமில்லை. பயிற்சி அறையில் வெள்ளைப் பலகை முன்னால் எல்லாப் பதிலும் சரியாகச் சொல்லும் பையன், 70,000 பேர் கத்தும்போது இரண்டு பேர் காவல் இருக்கும் இடத்துக்கு ஏன் எறிகிறான் என்பதற்கு இது முழு விடை இல்லை. ஆனால் அவனுக்குத் தெரியாமல் இல்லை, சூட்டில் கை முந்திக்கொள்கிறது என்பது புரியும்.

அப்படியானால் உட்காரவைத்து வயதாகவிடலாமே? ஆரன் ராஜர்ஸ் 2005இல் வந்து, பிரெட் ஃபாவ்ரின் பின்னால் மூன்று ஆண்டு காத்திருந்து, பிறகு சாம்பியன் ஆனாரே? பேட்ரிக் மஹோம்ஸ் 2017இல் ஒரே ஓர் ஆட்டம் ஆடிவிட்டு, மறு ஆண்டு 50 டச்டவுன் எறிந்தாரே? (அந்த ஓராண்டு அவர் யார் பின்னால் உட்கார்ந்திருந்தார் தெரியுமா? அதே அலெக்ஸ் ஸ்மித்.) இதில் ஒரு கண்கட்டு இருக்கிறது. டிராஃப்டில் மிக மோசமான அணிதான் முதலில் தேர்ந்தெடுக்கும். அங்கே போகிறவன் உடனே ஆடவேண்டும், அதுவும் ஓட்டைத் தடுப்பின் பின்னால். காத்திருக்கும் வசதி நல்ல அணிக்குத்தான் உண்டு. ஆக, காத்திருந்ததால் ஜெயித்தார்களா, நல்ல வீட்டில் வளர்ந்ததால் ஜெயித்தார்களா என்று பிரிப்பது கடினம். காத்திருந்து அப்படியே மறைந்துபோனவர்களின் கதையை வேறு யாரும் சொல்வதில்லை.

பெஞ்சும் இலவசப் பள்ளிக்கூடம் அல்ல. வாராந்திரப் பயிற்சியில் பெரும்பாலான பந்துகள் தொடக்க வீரருக்கே போகும். மாற்று வீரர் பெரும்பாலும் அடுத்த வார எதிரணியின் குவாட்டர்பேக்போல் நடித்துக்கொண்டிருப்பார். முழுக் கவசத்தோடு செய்யும் பயிற்சியோ சீசன் முழுவதும் 14 நாள்தான் அனுமதி.

ஆடவிட்டாலும் ஆபத்து உண்டு. 2002இல் ஹூஸ்டன் டெக்சன்ஸ் என்ற புத்தம்புது அணி, முதல் ஆளாக எடுத்த டேவிட் காரை முதல் நாளே இறக்கியது. அந்த ஒரு சீசனில் அவர் 76 முறை சாக் ஆனார், அதாவது பந்தை எறியும் முன்பே வீழ்த்தப்பட்டார். இப்படி அடி வாங்குகிறவர்களுக்குக் கண் கீழே இறங்கிவிடும் என்று பயிற்சியாளர்கள் சொல்வார்கள். தூரத்தில் ஓடும் சக வீரரைப் பார்க்கவேண்டிய கண், வரப்போகும் அடியைப் பார்க்கப் பழகிவிடும். கற்கும் எந்திரம் பழுதாகவில்லை. அதுபாட்டுக்குக் கற்கிறது, தப்பான பாடத்தை.

நியாயமாகப் பார்த்தால் பயிற்சியாளரின் கண்ணும் சந்தேகத்துக்குரியதே. இஸ்ரேல் விமானப்படைப் பயிற்சியாளர்கள் உளவியலாளர் டேனியல் கானமனிடம் சொன்னது பிரசித்தம்: பாராட்டினால் அடுத்த முறை சொதப்புகிறார்கள், திட்டினால் தேறுகிறார்கள். மிக மோசமான முயற்சிக்கு அடுத்தது, திட்டினாலும் திட்டாவிட்டாலும், சராசரியை நோக்கித் திரும்பத்தான் செய்யும் என்று அவர் விளக்கினார். ரிச்சர்ட்சன் கதையே உண்டு. இரண்டு ஆட்டம் உட்காரவைத்தபின் நவம்பர் 17 அன்று மறுபடி இறக்கினார்கள். நியூயார்க் ஜெட்ஸை 28-27 என்று கடைசி நிமிடத்தில் ஓடி ஜெயித்துக்கொடுத்தார். பெஞ்ச் புத்தி புகட்டியது என்றார்கள். ஓர் ஆட்டத்தை வைத்து அதைச் சொல்லமுடியாது.

எதிர்த்திசையிலும் கண் ஏமாறும். பாரி ஸ்டா, ஹா ஹோங் இருவரும் 1995இல் கூடைப்பந்து வீரர்களைப் பற்றிக் காட்டியது: ஆட்டத்திறனைக் கணக்கில் எடுத்த பிறகும், டிராஃப்டில் முன்னால் எடுக்கப்பட்டவருக்கு அதிக நேரம் கிடைக்கிறது. போட்ட முதலை விட மனம் வருவதில்லை. அதையும் பொறுமை என்றுதான் பெயர் சொல்லிக்கொள்வார்கள்.

என்னைக் கேட்டால், தவறுகளின் எண்ணிக்கையை விட்டுவிட்டு அவற்றின் முகத்தைப் பார்க்கவேண்டும். செப்டம்பரில் ஏமாந்த அதே பாசாங்கில் டிசம்பரிலும் ஏமாறுகிறானா, புதிதாக ஏதாவது தவறு செய்கிறானா? புதுத்தவறு என்றால் பழையது கற்றாகிவிட்டது; விட்டுவைக்கலாம். படித்தும் கண் பிசகுகிறவனுக்கு இன்னும் பந்துகள் கொடுக்கலாம். வீடியோவே பார்க்காமல் வருகிறவனுக்கு ஆட்ட நேரம் மருந்தாகாது, பயிற்சியில் சேரவேண்டிய கொத்தே அங்கே சேராது.

மேனிங்கோடு அதே டிராஃப்டில் இரண்டாவதாகப் போன ரையன் லீஃபுக்கு முதல் ஆண்டில் 2 டச்டவுன், 15 இன்டர்செப்ஷன். கான்சஸ் சிட்டியில் 15 எறிந்து 1 மட்டுமே சேர்த்துவிட்டு, அதையடுத்து ஒரு நிருபர்மீது கத்தியது அமெரிக்கா முழுக்க ஒளிபரப்பானது. சான் டியேகோ மூன்று சீசன் வைத்திருந்துவிட்டு விட்டது. இன்டர்செப்ஷனில் இருவரின் தொடக்கமும் மோசம்தான். அந்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் 1998 டிசம்பரில் மேனிங்தான் மோசமாகத் தெரிந்திருப்பார்.

காலக்கெடுவைக் கடைசியில் தீர்மானிப்பது பெரும்பாலும் காசு. 2010இல் முதல் ஆளான சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு ஆண்டுக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம். 2011இல் விதி மாறியபின் கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டு, 2.2 கோடி. மலிவான அந்த நான்கு ஆண்டுக்குள் ஜெயித்துவிடவேண்டும் என்ற அவசரம் அப்புறம் வந்தது. மயலின் உறைக்கு ஒப்பந்தத் தேதி தெரியாது. பயிற்சியாளருக்கு நன்றாகத் தெரியும்: 2023இல் புதுமுகம் பிரைஸ் யங்கை வளர்க்க வந்த ஃபிராங்க் ரைக்கை, கரோலைனா 11 ஆட்டத்திலேயே வேலையைவிட்டுத் தூக்கியது.

2025 ஆகஸ்டில் ரிச்சர்ட்சன் போட்டியில் தன் இடத்தை இழந்தார். கோல்ட்ஸ் தேர்ந்தெடுத்தது 28 வயது டேனியல் ஜோன்ஸை. நியூயார்க் ஜயன்ட்ஸ் 2019இல் ஆறாவது ஆளாக எடுத்து, ஐந்து சீசன் பொறுத்து, ஆறாவது சீசனின் நடுவில் வெளியே அனுப்பிய அதே ஜோன்ஸ்.