நின்னுகிட்டு முறுக்குறதும் படுக்கப் போட்டு முறுக்குறதும்

ஹாப்கிடோ கொரியாவோட தற்காப்புக் கலை, ஜுஜிட்சு ஜப்பானோடது, ஆனா மணிக்கட்டு பூட்டுகளை, அதாவது மூட்டை முறுக்கி ஆளை மடக்குற பிடிகளைப் பாத்தா ரெண்டும் ஒரே குடும்பம்னு தெரிஞ்சிடும். ஹாப்கிடோவைத் தொடங்கின சோய் யோங் சுல் ஜப்பான்ல டகேடா சோகாகுகிட்ட டைடோ ரியூங்கிற பழைய ஜுஜிட்சு வகையைக் கத்துக்கிட்டதா சொன்னார், டகேடாவோட பதிவேட்டுல அவர் பேரே இல்லையேன்னு இன்னிக்கும் சண்டை ஓடுது, அது ஓடட்டும்.

ரெண்டுலயும் இருக்குற ஒரு பூட்டை எடுத்துக்குவோம். எதிராளியோட புறங்கைல உங்க கட்டைவிரலை வச்சு அழுத்தி, உள்ளங்கைய அவன் பக்கமே மடக்கி, அப்படியே வெளிப்பக்கமா திருப்பணும். முன்கைல இருக்குற ரெண்டு எலும்பும் ஒண்ணைச் சுத்தி ஒண்ணு ஓரளவுக்குத்தான் திரும்பும். அந்த எல்லை முடிஞ்சதும் முறுக்கு முழங்கைக்குப் போகும், அங்கிருந்து தோளுக்கு, அப்புறம் உடம்பே சாயும். சாயலைன்னா மணிக்கட்டு ஜவ்வு கிழியும், அதனால பழகினவன் தானே எகிறி விழுந்துடுவான். டெமோல ஆளுங்க பறக்குறதுக்கு பாதி காரணம் இதுதான், பொய்னு சிரிக்க வேண்டாம்.

அதாவது நிக்குற ஆளுக்கு தப்பிக்க இடம் இருக்கு, அதனால பூட்டு போட்டா அவன் விழுறான், அவ்வளவுதான். ஹாப்கிடோ இதை வச்சே விளையாடுது: தள்ளினா எதிர்த்துத் தள்ளாம வட்டமா கால் மாத்தி அவன் வேகத்தையே திருப்பி விடுறது, பூட்டுக்கு முன்னாடி ஒரு அடி கொடுத்து கவனத்தைக் கலைக்கிறது. பழைய ஜுஜிட்சுலயும் அடி உண்டு, ஆனா உயரமா சுழட்டி உதைக்கிறதெல்லாம் கொரியால சோயோட சீடர் ஜி ஹான் ஜே மாதிரி ஆளுங்க சேத்தது.

பிரேசில் ஜுஜிட்சு வேற வழி போச்சு. ஜப்பான் ஜூடோ வீரர் மயேடா 1914ல பிரேசில் போய், அவர்கிட்ட இருந்து கிரேசி குடும்பம் கத்துக்கிட்ட வித்தை அது. தப்பிக்கிற இடத்தையே முதல்ல அடைச்சிடு, அப்புறம் பூட்டுங்கிறாங்க. முழங்கையை நீட்டி மடக்குற ஆர்ம்பார் பூட்டுல பாருங்க, அவன் முதுகு தரைல, தோளை உங்க ரெண்டு காலும் அமுக்குது, முழங்கை உங்க இடுப்புக்கு மேல, மணிக்கட்டு உங்க நெஞ்சுல. இடுப்பைத் தூக்கினா முன்கை நெம்புகோலா மாறுது, உங்க முதுகும் இடுப்பும் சேந்து அவனோட ஒத்தைக் கையோட மோதுது, வலுவானவனும் தோத்தேன்னு தட்டிடுவான். அவன் கட்டைவிரல் மேல பாத்து இருக்கணும், பக்கவாட்டுல திரும்பிச்சுன்னா முழங்கை நழுவிடும்.

பிரேசில் ஜுஜிட்சுக்காரங்க தினமும் முழு எதிர்ப்போட உருண்டு சண்டை பழகுறாங்க, ஹாப்கிடோ கிளாஸ்கள்ல பெரும்பாலும் பார்ட்னர் மணிக்கட்டைப் பிடிச்சுக் கொடுப்பாங்க. என்னைக் கேட்டா குத்துற கைய காத்துல பிடிச்சு முறுக்குறது நடக்காத காரியம், வேர்வைல வழுக்கும், அவன் முழங்கைய விலாவோட ஒட்டிக்கிட்டா முறுக்கு தோளுக்கே போகாது. ஆனா சட்டையைப் பிடிச்சவன் கை அங்கேயே இருக்கும், ஹாப்கிடோ பூட்டு வேலை செய்யுறது அந்த நேரத்துலதான்.