சத்தம் போதவில்லையா, பேஸ் போதவில்லையா?

செவித்திறன் பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் காதைப் பார்ப்பதற்கு முன்பே போனைக் காட்டச் சொல்வது என் வழக்கம். கீழ் சுருதி, மேல் சுருதி என்று தனித்தனியாக ஏற்றி இறக்கும் ஈக்வலைசரில் எதை எவ்வளவு ஏற்றி வைத்திருக்கிறார்கள், வால்யூம் வழக்கமாக எங்கே நிற்கிறது, இடது வலது சமநிலை நடுவில்தான் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்ப்பேன். பலருக்கு இது வேடிக்கையாக இருக்கும். ஆனால் சத்தம் புகாத பரிசோதனைப் பெட்டிக்குள் உட்கார்ந்து பொத்தானை அழுத்துவதற்கு முன்பே பாதி விஷயம் அதில் தெரிந்துவிடும்.

அப்புறம் அவர்கள் என்னைக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: ஹெட்ஃபோன் நல்லதா, இயர்ஃபோன் நல்லதா? எதைப் போட்டால் வால்யூமைக் குறைத்துக் கேட்க முடிகிறதோ அது நல்லது என்பேன். காதுக்குத் தெரிவது எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம் என்பது மட்டும்தான். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கே 4 மணி நேரம்தான். 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகிவிடும். பிள்ளைகளுக்கு 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல்தான். போனில் இரண்டு தட்டு தட்டி ஏற்றுவது விரலுக்குச் சின்ன விஷயம், கணக்கில் அப்படியில்லை.

நம் சிங்கப்பூரில் எம்ஆர்டி ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் எல்லோர் கையும் வால்யூம் பொத்தானுக்குப் போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ரயிலின் உறுமல் கீழ் சுருதிகளை, அதாவது பேஸை, மூடிவிடுகிறது. தவிலும் பேஸ் கிட்டாரும் காணாமல் போய், பாட்டு சன்னமாகிவிடுகிறது. போனது பேஸ் மட்டும்தான், ஆனால் நாம் மொத்தச் சத்தத்தையும் ஏற்றுகிறோம். இரைச்சல் நீக்கும் வசதி இருக்கும் கருவிகளின் உண்மையான பயன் இங்கேதான். ரயில் உறுமல், ஏர்கான் இரைச்சல் போன்ற சீரான கீழ் சுருதிச் சத்தங்களை அது நன்றாகவே அமுக்கும். பக்கத்து இருக்கைக்காரரின் போன் பேச்சை அவ்வளவாக அமுக்காது, அதை எதிர்பார்த்து வாங்காதீர்கள்.

வால்யூம் ஏறுவதற்கு இன்னொரு காரணம் பலருக்கும் தெரியாது. தோ பாயோவிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். மகன் பிறந்தநாளுக்கு வாங்கித் தந்த விலை உயர்ந்த ஹெட்ஃபோன், ஆனால் "பேஸே இல்லை தம்பி, என் பழைய ஐந்து வெள்ளிச் சாமானே தேவலாம்" என்று ஒரே குறை. போனில் பேஸ் உச்சத்தில் இருந்தது, வால்யூமும் உச்சத்துக்குக் கொஞ்சம் கீழேதான். அவர் போட்டிருந்த மூக்குக்கண்ணாடியின் காம்பு தடிமனானது. மெத்தை காதைச் சுற்றி முழுதாக உட்காராமல், காம்பு இருந்த இடத்தில் ஒரு சந்து.

"ஐயா, கண்ணாடியைக் கொஞ்சம் கழற்றிட்டுக் கேளுங்க."

கழற்றினார். முகம் மாறியது. "தவில் வந்துருச்சே!"

அந்தச் சந்து வழியாகத்தான் பேஸ் வெளியேறிக்கொண்டிருந்தது. இரைச்சலும் அதே வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. ஈக்வலைசரைச் சமநிலைக்குக் கொண்டுவந்து, வால்யூமைப் பாதிக்கு இறக்கியபோதும் அவருக்குப் போதுமானதாக இருந்தது. கண்ணாடி இல்லாமல் போனை எப்படிப் பார்ப்பது என்ற அடுத்த கேள்வி நியாயமானதுதான். மெல்லிய கம்பிக் காம்பு உள்ள கண்ணாடி, இல்லையென்றால் காதுக்குள் போடும் இயர்ஃபோன் என்று இரண்டு வழிகள் சொன்னேன். கண்ணாடி போடாதவர்கள் குறைவாக இருக்கும் இந்த ஊரில் இதைக் கடைக்காரர்களே சொல்லலாம்.

இயர்ஃபோனிலும் இதே கதைதான். பெட்டியில் மூன்று அளவு ரப்பர் நுனிகள் வரும். பெரும்பாலோர் கருவியில் ஏற்கெனவே மாட்டியிருக்கும் நடு அளவோடு நின்றுவிடுகிறார்கள். இரண்டு காதுத் துளையும் ஒரே அளவாக இருக்க வேண்டியதில்லை, ஒரு பக்கம் நடுத்தரம், மறுபக்கம் பெரியது என்று போட்டுக்கொள்வதில் தவறே இல்லை. சரியாக அடைத்தால் நம் குரலே நமக்குக் கொஞ்சம் கனமாக ஒலிக்கும், பேஸும் கூடும். ஆனால் இந்த வெக்கையில் நாள் முழுக்கக் காதை அடைத்து வைத்தால் உள்ளே ஈரம் தங்கி அரிப்பும் தொற்றும் வரும். நீச்சலடித்துவிட்டு ஈரக்காதோடு மாட்டிக்கொள்வது இன்னும் மோசம். அரித்தால் பஞ்சுக்குச்சியால் குடைவது எல்லாவற்றையும்விட மோசம், அது குறும்பியை இன்னும் உள்ளேதான் தள்ளும். காதில் அடிக்கடி தொற்று வருகிறவர்களுக்கு ஹெட்ஃபோன்தான் என் சிபாரிசு.

சரி, கருவி ஒழுங்காகப் பொருந்திவிட்டது. இனி ஈக்வலைசரைத் தொடலாம். தொடக்கூடாது என்று சொல்லும் ஒலித் தூய்மைவாதிகளோடு எனக்கு உடன்பாடு இல்லை. குறைந்த சத்தத்தில் நம் காது கீழ் சுருதிகளைக் குறைவாகவே கேட்கும். ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர்களில் 'லவுட்னஸ்' என்று ஒரு பொத்தான் இருந்ததே, அது இதற்காகத்தான். ஆகவே மெதுவாகக் கேட்கிறவர் பேஸை 3, 4 டெசிபல் ஏற்றிக்கொள்வது ருசிக்கோளாறு அல்ல. பேஸை ஏற்றி, வால்யூமை இறக்கி வைத்தால் நான் பாராட்டுவேன். இரண்டையும் சேர்த்து ஏற்றினால்தான் சண்டை.

பொதுவாக ஏற்றுவதைவிட இறக்குவது நல்லது. பாடகர் குரல் அமுங்கிக் கிடந்தால் உடனே குரலை ஏற்றாதீர்கள், 200 ஹெர்ட்ஸை ஒட்டிய மந்தமான பகுதியை 2 டெசிபல் இறக்கிப் பாருங்கள், குரல் தானாக முன்னுக்கு வரும். நாகஸ்வரம் காதைக் குத்தினால் 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் இறக்குங்கள். நம் காதுத் துளை சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள குழல், அது அந்தச் சுருதியைத் தானாகவே பெருக்கித் தருகிறது. 'ச', 'ஸ' எழுத்துகள் சீறினால் 5,000 முதல் 8,000 வரை. எதையாவது ஏற்றியே ஆக வேண்டும் என்றால், செயலியில் மொத்த ஒலியளவை முன்கூட்டியே மாற்றும் 'ப்ரீஆம்ப்' இருந்தால் அதை அதே அளவு இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் கரகரப்பு வரும்.

ஹெட்ஃபோனில் அழகாக அமைந்த அமைப்பை அப்படியே இயர்ஃபோனுக்கு மாற்றினால் சரிவராது. இயர்ஃபோன் துளையை அடைத்ததும் அந்தக் குழலின் ஒத்ததிர்வே மாறிவிடுகிறது, காதுமடலுக்கும் வேலை இல்லாமல் போகிறது. ஆளுக்கு ஆள் காது வேறு என்பதால்தான், சிம் வோங் ஹூ தொடங்கிய நம்மூர் கிரியேட்டிவ் நிறுவனம் காதையும் முகத்தையும் படமெடுத்து ஒலியை அமைக்கும் சூப்பர் எக்ஸ்-ஃபை தொழில்நுட்பத்தைக் கொண்டுவந்தது. நண்பருக்குப் பிடித்த அமைப்பு உங்களுக்குப் பிடிக்காமல் போவதும் இதனால்தான்.

அடெல்ஃபி கட்டடத்து ஒலிக்கருவிக் கடைகளில் உட்கார்ந்து ஒப்பிடும்போது ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: இரண்டு கருவியின் சத்தத்தையும் முதலில் சமமாக்குங்கள். கொஞ்சம் சத்தமாக ஒலிப்பது எப்போதும் 'தெளிவாக' இருப்பதாகவே தோன்றும். உங்களுக்கு மனப்பாடமான பாட்டையே போடுங்கள், கடைக்காரர் போடும் பாட்டு அவர் கருவிக்குப் பொருத்தமானதாகத்தான் இருக்கும். முதல் நிமிடத்தில் பளிச்சென்று மயக்கும் டிரெபிள், அதாவது மேல் சுருதி, வீடு போய்ச் சேர்வதற்குள் காதைக் களைப்பாக்கிவிடும்.

இனி என் தொழில் பக்கம். துவாஸ் கப்பல் பட்டறையில் வேலை செய்யும் தம்பி ஒருவர், வருடாந்திரச் செவிப் பரிசோதனையில் 4,000 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம், அதாவது அந்தச் சுருதியில் செவித்திறன் குறைவு, தெரிந்ததால் வந்திருந்தார். "வேலையில மஃப் போடாம நிக்கறதே இல்லண்ணே" என்றார். நம்புகிறேன். போனைப் பார்த்தால் டிரெபிள் உச்சத்தில். லாரியில் திரும்பும்போது இயர்ஃபோன், இரவில் ஊருக்குப் பேசும்போதும் இயர்ஃபோன். பள்ளத்துக்குப் பட்டறைச் சத்தம் காரணமா, பாட்டு காரணமா என்று வரைபடம் சொல்லாது. காதுக்கு இரண்டும் ஒரே கணக்கில்தான் சேரும். டிரெபிளை வருடத்துக்கு வருடம் ஏற்றிக்கொண்டே போனால் அதை ருசி மாற்றம் என்று விட்டுவிடாதீர்கள், ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். இரவில் காதுக்குள் 'கொய்ங்' என்று கேட்டாலும் அப்படித்தான்.

ஒரு பக்கம் மட்டும் மங்கலாகக் கேட்டால் சமநிலையை நகர்த்திச் சரிக்கட்டுவதற்கு முன் ஹெட்ஃபோனை இடம் வலம் மாற்றிப் போடுங்கள். மங்கல் கருவியோடு சேர்ந்து மறுபக்கம் போனால் பழுது கருவியில். அதே காதிலேயே நின்றால் காதில். இயர்பட்ஸை அப்படி மாற்றிப் போட முடியாது, முதலில் வலையில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைப்பு எதுவுமில்லாமல், ஒரே நாளிலோ ஓரிரு நாட்களிலோ ஒரு காது திடீரென்று மங்கிவிட்டால், புது இயர்பட்ஸ் வாங்கிப் பார்த்துக்கொண்டு வாரத்தைக் கடத்தாதீர்கள். திடீர்ச் செவித்திறன் இழப்புக்கு ஸ்டீராய்டு சிகிச்சை முதல் சில நாட்களில் தொடங்கினால்தான் பலன் அதிகம், இரண்டு வாரம் தாண்டினால் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதத்துக்காக நாட்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தால், மருத்துவமனை அவசரப் பிரிவுக்கே போய், காது எப்போது மங்கியது என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.