அதைக் கண்ணாடி என்று கூப்பிடுவதிலேயே ஆரம்பிக்கிறது வினை

சாயங்காலம் நாலரை மணி வெயிலைவிடக் கறாரான இன்ஸ்பெக்டரை நான் பார்த்ததில்லை. விமானம் நிறுத்தும் கொட்டகையான ஹாங்கருக்குள் ட்யூப்லைட் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும் விண்ட்ஷீல்டு. விமானத்தை வெளியே தள்ளி மேற்கே பார்த்து நிறுத்தி, பைலட் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். யார், எந்தத் துணியால், எத்தனை அவசரத்தில் துடைத்தார்கள் என்பதெல்லாம் அதில் கோடுகோடாக எழுதியிருக்கும்.

விமானப் பராமரிப்பில் எனக்கு 20 வருஷத்துக்கு மேல் ஆகிறது. பெரும்பகுதி பயிற்சி விமானங்களோடுதான், அதிலும் செஸ்னா 152, 172. ஒருமுறை ஒரு 172-க்கு என்ஜின் மூடியில் பெயிண்ட் டச்அப் செய்தோம். நாலைந்து துளி விண்ட்ஷீல்டில் தெறித்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாத ஹெல்பர் பையன், சுறுசுறுப்பானவன், பக்கத்திலிருந்த தின்னரைப் பனியன் வேஸ்ட்டில் (துடைக்க வைத்திருக்கும் கழிவுத் துணி) நனைத்துத் துடைத்தான். பெயிண்ட் உடனே போய்விட்டது. "சார், புதுசு மாதிரி ஆயிருச்சு பாருங்க" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டவும் செய்தான். அந்த நேரத்தில் உண்மையிலேயே புதுசு மாதிரிதான் இருந்தது.

மறுநாள் சாயங்கால வெயிலில், துடைத்த இடம் முழுக்க வெள்ளி இழைகள். மயிரிழையைவிட மெல்லிசு. நேராகப் பார்த்தால் தெரியாது. தலையைச் சாய்த்தால் ஒன்றாக மினுங்கும். விரலால் தடவினால் ஒன்றும் தட்டுப்படாது. "சார், நான் அழுத்திக்கூடத் தேய்க்கலையே" என்றான். அழுத்தவில்லைதான். திட்டவும் எனக்கு வாய் வரவில்லை. தின்னர் டப்பாவை அங்கே வைத்தவன் நான். அது கண்ணாடி இல்லை என்று அவனுக்குச் சொல்லாமல் விட்டவனும் நான்.

பேச்சு வழக்கில் நாம் எல்லோரும் முன்கண்ணாடி என்றுதான் சொல்கிறோம். அந்தப் பெயரை நம்பி, வீட்டு ஜன்னலைத் துடைப்பதுபோல இதையும் துடைத்துவிடுகிறோம். சிறிய விமானங்களில் பெரும்பாலும் இருப்பது அக்ரிலிக். 1930-களில் பெர்ஸ்பெக்ஸ், பிளெக்ஸிகிளாஸ் என்ற பெயர்களில் சந்தைக்கு வந்த அதே பிளாஸ்டிக். எடை கண்ணாடியில் பாதிகூட இல்லை, சூடாக்கி வளைத்தால் வளையும், ஒளியையும் நன்றாக விடும். பெரிய ஜெட் விமானத்தின் காக்பிட்டில் இருப்பது வேறு ஜாதி: பல அடுக்குக் கண்ணாடி, உள்ளே ஹீட்டர். அதற்குச் சொல்லும் வைத்தியம் இதற்குப் பொருந்தாது. (ஆனால் நீங்கள் பயணியாக உட்கார்ந்து தலை சாய்க்கும் ஜன்னல் பெரும்பாலும் அக்ரிலிக்தான்.)

இந்தப் பொருளைப் பற்றி எனக்குப் பிடித்த கதை ஒன்று. இரண்டாம் உலகப் போரில் அடிபட்ட பிரிட்டிஷ் விமானிகள் சிலரின் கண்ணுக்குள், உடைந்த விமானக் கூண்டின் அக்ரிலிக் சில்லுகள் தங்கிப்போயின. கண் அவற்றை எதிரியாக நடத்தவில்லை என்பதை டாக்டர் ஹரால்டு ரிட்லி கவனித்தார். 1949-ல் லண்டனில், புரை எடுத்த கண்ணுக்குள் அக்ரிலிக் லென்ஸ் ஒன்றை அவர் வைத்ததுதான் தொடக்கம். 1992-ல் தொடங்கிய மதுரை ஆரோலேப் அந்த வகை லென்ஸைக் குறைந்த விலைக்குச் செய்யப் போய்த்தான் நம் ஊர்த் தாத்தா பாட்டிகளுக்கும் அது எட்டியது. பாட்டியின் கண்ணில் வைத்த சாமானைத் தின்னர் போட்டுத் துடைப்பீர்களா என்றுதான் புதுப் பையன்களிடம் இப்போது கேட்கிறேன். அதற்குப் பிறகு மறப்பதில்லை.

அந்த வெள்ளி இழைகளுக்கு எங்கள் தொழிலில் கிரேஸிங் என்று பெயர். வளைத்துச் சட்டத்தில் பொருத்திய அக்ரிலிக்குக்குள் எப்போதும் கொஞ்சம் இழுவிசை இருந்துகொண்டே இருக்கும். கரைப்பான் பட்டதும் மேல்தோல் தளர்கிறது. ஏற்கெனவே இழுத்துக்கொண்டிருக்கும் தோல் நுண்ணிய விரிசலாகத் திறக்கிறது. அதனால்தான் ஓரங்களிலும் ஸ்க்ரூ ஓட்டைகளைச் சுற்றியும் முதலில் வரும். திரவம் படக்கூட வேண்டாம், ஆவி போதும். விமானத்துக்குப் பெயிண்ட் உரிக்கும்போது ஜன்னல்களை அலுமினியத் தாளால் மூடி, விளிம்பில் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டச் சொல்வது இதற்காகத்தான். செய்தித்தாளை ஒட்டி வேலையை முடிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன்.

செஸ்னாவின் கையேடே வேண்டாதவற்றைப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறது: பெட்ரோல், பென்சீன் வகை, ஆல்கஹால், அசிட்டோன், லாக்கர் தின்னர், தீயணைப்பான் திரவம், பனி நீக்கும் திரவம், கண்ணாடி துடைக்கும் ஸ்பிரே. கடைசிதான் நம் ஹாங்கர்களில் அதிகம் புழங்குகிறது; யாராவது நல்லெண்ணத்தோடு வீட்டிலிருந்து கொண்டுவருவார்கள். 2020-க்குப் பிறகு சானிடைசரும் சேர்ந்துகொண்டது. கையில் ஈரம் காயுமுன் ஜன்னலில் ஊன்றினால் உள்ளங்கை அச்சு அப்படியே நிற்கும்.

சரி, எப்படித்தான் கழுவுவது? நான் செய்வதைச் சொல்கிறேன்.

வெயிலில் கொதித்துக்கொண்டிருக்கும் விமானத்தில் கை வைப்பதில்லை. காலையிலோ, நிழலில் நிறுத்தி ஆறிய பிறகோதான். முதலில் மோதிரம், வாட்ச், காப்பு எல்லாம் கழற்றி வைத்துவிட வேண்டும். பிறகு தண்ணீர், நிறையத் தண்ணீர். தேய்க்கவே கூடாது, ஓடவிட வேண்டும். மேலே படிந்திருப்பது வெறும் தூசு என்று நினைக்கிறோம். ஓடுபாதைப் புழுதியில் மணல் இருக்கிறது, அக்ரிலிக்கோ மெத்து. ஈரத் துணியை எடுத்த எடுப்பில் இழுத்தால் உப்புத்தாள் போட்டது மாதிரிதான்.

பிறகு மிதமான சோப்பு கலந்த தண்ணீர். அதைப் பரப்ப என்னிடம் உள்ள சிறந்த கருவி வெறும் கைதான். சிரிக்க வேண்டாம், அமெரிக்க விமானத் துறையின் பராமரிப்புக் கையேடுகளும் வெறும் கையைத்தான் சொல்கின்றன. துணிக்குள் மணல் சிக்கினால் உங்களுக்குத் தெரியாது. அது பாட்டுக்குக் கோடு போட்டுக்கொண்டே போகும். உள்ளங்கையில் ஒரு மணல் நறநறத்தாலும் உடனே நிறுத்தி, தண்ணீர் விட்டு, விரல் நுனியால் தள்ளிவிடலாம். காய்ந்து ஒட்டிய பூச்சிக்கு நகம் வேண்டாம். ஈரத் துணியைப் பத்து நிமிஷம் மேலே போட்டு வையுங்கள், தானாக ஊறி வரும்.

கடைசி அலசலுக்கு போர்வெல் தண்ணீர் ஆகாது. காய்ந்ததும் வெள்ளைத் திட்டு விழும், அதை எடுக்க மறுபடி தேய்ப்பீர்கள். ஒரு இடத்தில், வீணாகப் போகிறதே என்று ஆர்ஓ மிஷின் கழித்து விடும் தண்ணீரைப் பிடித்து விமானம் கழுவிக்கொண்டிருந்தார்கள். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது! பேட்டரிக்கு வாங்கும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டர் இருந்தால் முன்புறத்துக்குப் போதும்.

துடைக்க, பிழிந்த ஈர ஷாம்மி (மிருதுவான தோல்) அல்லது சுத்தமான பருத்தி ஃபிளானல். ஒற்றி எடுங்கள். காய்ந்த துணியால் பளபளவென்று தேய்த்தால் நிலைமின்னூட்டம் ஏறி, அக்கம்பக்கத்துத் தூசியையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்ளும். பனியன் வேஸ்ட்டை என்ஜினோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதில் தையல் இருக்கும், சில சமயம் பட்டனும் இருக்கும். டிஷ்யூ பேப்பரும் வேண்டாம், மிருதுவாகத் தெரிந்தாலும் மரக்கூழ் கீறும்.

கை போகும் திசை முக்கியம். வட்டமாகத் தேய்ப்பது நம் எல்லோருக்கும் கைப்பழக்கம். அதில் விழும் நுண்கீறல்கள் வெயிலைப் பார்த்துப் பறக்கும்போது சூரியனைச் சுற்றிச் சிலந்தி வலையாக எரியும். மேலும் கீழுமாக, நேராக மட்டும் கையை ஓட்டுங்கள். இரவில் ரன்வே விளக்குகள் வால் முளைத்துத் தெரிகின்றன என்று மாணவர்கள் சொன்னால், கண் டாக்டரிடம் அனுப்புவதற்கு முன்னால் நான் விண்ட்ஷீல்டைப் பார்ப்பேன்.

இவ்வளவு மெனக்கெடுவது அழகுக்காக இல்லை. வானத்தில் உங்களோடு மோதும் பாதையில் வரும் இன்னொரு விமானம், உங்கள் கண்ணுக்கு நகராது. விண்ட்ஷீல்டில் ஒரே இடத்தில் புள்ளியாக நிற்கும். கடைசிச் சில விநாடிகளில்தான் திடீரென்று பெருக்கும். நகர்கிற விமானம் பெரும்பாலும் விலகிப் போய்விடும். நகராத புள்ளிதான் ஆபத்து. பூச்சி அடித்துக் காய்ந்த கறையும் நகராத புள்ளிதானே? கறை பத்து இருந்தால் பதினோராவது புள்ளியை யார் கவனிப்பார்? சந்தேகம் வந்தால் தலையைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். கறை என்றால் தூரத்து மலையின்மேல் நகரும், விமானம் நகராது. ஆனால் இந்த வித்தை தேவைப்படாத அளவுக்குச் சுத்தமாக வைத்துக் கொடுப்பது எங்கள் வேலை.

கழுவிக் காய்ந்த பிறகு, அரைக்கும் துகள் இல்லாத நல்ல மெழுகை மெல்லிசாக ஒரு பூச்சு. மெல்லிய கீறல்களை அது நிரப்பும், அடுத்த பூச்சியும் சுலபமாக வரும். கார்க்கடை ரப்பிங் காம்பவுண்டைக் கிட்டவே சேர்க்காதீர்கள். மேசை நாற்காலிக்கு அடிக்கும் பாலிஷ் ஸ்பிரேயைப் பல வெளிநாட்டு விமானிகள் சத்தியம் செய்து சிபாரிசு செய்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. அக்ரிலிக்குக்கென்றே பிளெக்ஸஸ், நோவஸ் என்று பாலிஷ்கள் இருக்கும்போது எதற்கு அந்தச் சோதனை?

ஆழமான கீறலுக்கு மைக்ரோமெஷ் பட்டை இருக்கிறது, மிக நைசான உப்புத்தாள் மாதிரி; நம்பர் ஏற ஏற நைஸ். 1500-ல் தொடங்கி 12000 வரை, ஒவ்வொரு நம்பருக்கும் திசையை மாற்றி, முந்தைய கோடுகள் மறையும்வரை தேய்க்க வேண்டும். பொறுமைக்காரர்கள் வேலை. கீறல் இருக்கும் இடத்தில் மட்டும் குடைந்தால் குழி விழுந்து லென்ஸாகிவிடும். தேய்த்த பிறகு அதன் வழியாகக் காம்பவுண்டுச் சுவரின் மேல்விளிம்பைப் பார்த்துத் தலையை ஆட்டுங்கள். சுவர் நெளிந்தால் கீறலே தேவலாம். விமானியின் பார்வைக்கு நேராக நகம் மாட்டும் அளவுக்குக் கீறல் இருந்தாலோ, ஸ்க்ரூ ஓரத்திலிருந்து விரிசல் கிளம்பியிருந்தாலோ பாலிஷ் பேச்சே இல்லை. அந்த விமானத்தின் மேனுவல் என்ன வரம்பு சொல்கிறதோ அதன்படிதான்.

அந்த ஸ்க்ரூக்களையும் மனம்போல இறுக்கக் கூடாது. வெயில் ஏறினால் அக்ரிலிக் அலுமினியத்தைப்போல மூன்று மடங்கு விரியும். ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாகப் போடுவது அது அசைய இடம் விடத்தான். துணி உறை போடுகிறவர்கள் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். தொளதொளவென்று கட்டினால் ராத்திரி முழுக்கக் காற்றில் படபடத்து மணலை வைத்து அரைக்கும். எரிபொருள் போடும்போது இறக்கை மேலிருந்து ஹோஸை விண்ட்ஷீல்டு வழியாக இழுப்பதும், நாஸில் சொட்டுவதும் தினசரி நடக்கிறது. சொட்டினால் அப்போதே சோப்புத் தண்ணீர், மாலை ஆகட்டும் என்று விடக் கூடாது.

அந்தத் தின்னர் பையன் இப்போது அதே மாதிரி ஒரு ஹாங்கரில் டெக்னீஷியன். போன மாதம் அங்கே போயிருந்தேன். விண்ட்ஷீல்டுத் துணிகளை ஜிப் கவரில் போட்டு, மேலே மார்க்கரில் 'இது மட்டும்' என்று எழுதி மாட்டியிருந்தான். ஒன்று என் கையிலிருந்து தரையில் விழுந்தது. எடுத்து உதறினேன். "சார், அது இனி டயருக்கு" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டான்.