பெல் 47 மாடலைப் பறக்கவிடும் முன் பிளேடின் வேரைப் பாருங்கள்

போன மாதம் ஒரு தம்பி பழைய அட்டைப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே பெல் 47ஜி ஹெலிகாப்டரின் ஆர்.சி. மாடல், அதாவது ரிமோட்டில் பறப்பது. அவருடைய சித்தப்பா வெளிநாட்டில் இருந்தபோது வாங்கிக் கட்டியதாம்; முப்பது வருடமாகப் பரணில் கிடந்திருக்கிறது. முன்பக்கக் குமிழ் மஞ்சள் பூத்திருந்தது. "மோட்டாரும் பேட்டரியும் மட்டும் புதுசா போட்டுக் கொடுங்கண்ணா, மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

பிளேடுகளைக் கழற்றினேன். மரப் பிளேடு, மேலே சூடுபட்டுச் சுருங்கி ஒட்டிய வெள்ளை ஷ்ரிங்க் உறை. போல்ட் நுழையும் வேர்ப்பகுதியில் கட்டைவிரலை வைத்து லேசாக வளைத்தபோது உறைக்கு அடியில் 'டிக்' என்று ஒரு சத்தம். உறையைக் கீறிப் பார்த்தால், துளையிலிருந்து நார் ஓடும் வாக்கில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல்.

அந்த மாடலின் ரோட்டர் விட்டம் சுமார் ஒன்றரை மீட்டர். நிமிடத்துக்கு 1,400 சுற்று என்று வைத்துக்கொண்டால் பிளேடு நுனியின் வேகம் மணிக்கு 395 கிலோமீட்டரைத் தொடும். 200 கிராம் எடையுள்ள பிளேடு, அதன் எடைமையம் தண்டிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், வேரில் விழும் இழுவை ஏறத்தாழ 175 கிலோ. மூன்றரை சிமெண்ட் மூட்டையை அந்த ஒரே போல்ட் துளையில் தொங்கவிட்ட மாதிரி. அங்கேதான் விரிசல்.

பெல் 47 மாடலோடு வருகிறவர்களிடம் ஒரு அலட்சியத்தை அடிக்கடி பார்க்கிறேன். காரணம் அதன் தோற்றம். குமிழ் மூக்கு, எலும்புக்கூடு மாதிரி வால், நிதானமாகச் சுற்றும் இரண்டே பிளேடு. சாதுவான பழைய வண்டி என்று தோன்றிவிடுகிறது. தலைகீழாகக் குட்டிக்கரணம் போடும் 3டி ஹெலிகாப்டருக்குப் பத்தடி தள்ளி நிற்பவர், இதற்குப் பக்கத்தில் போய்க் குனிந்து படம் எடுக்கிறார். 2013 செப்டம்பரில் நியூயார்க் நகரின் புரூக்ளினில், அனுபவமுள்ள 19 வயது இளைஞர் ஒருவர் தன்னுடைய ஆர்.சி. ஹெலிகாப்டரின் பிளேடு பட்டே இறந்தார். வேகம் குறைந்த ரோட்டரும் சதையை அறுக்கும்.

பெல் 47 பிறந்ததே மாடலில் இருந்துதான். அமெரிக்கரான ஆர்தர் யங் 1928-இல் தொடங்கிப் பத்து வருடத்துக்கும் மேலாகச் சின்னச் சின்ன மாடல்களையே கட்டிக்கட்டிப் பார்த்தார். மின்மோட்டாரில் ஓடி, கம்பி வழியே கட்டுப்படுத்தப்பட்ட மாடல் ஒன்று நிலையாக மிதந்த பிறகுதான், 1941-இல் பெல் நிறுவனத்துக்குப் போனார். அங்கே சோதனை ஹெலிகாப்டரான மாடல் 30 உருவாகி, அதிலிருந்து பெல் 47 வந்தது. 1946 மார்ச் 8-இல் பொதுப் பயன்பாட்டுக்கான முதல் ஹெலிகாப்டர் சான்றிதழ் அதற்குத்தான் கிடைத்தது. கொரியப் போரில் சறுக்குக் கால்களுக்கு மேலே படுக்கை கட்டிக் காயம்பட்டவர்களைச் சுமந்ததும் இதே வகைதான்.

யங் கண்டுபிடித்தது, பிளேடுகளுக்குக் குறுக்கே எடை தொங்கும் ஒரு தண்டு. ஹெலிகாப்டர் சட்டென்று சாய்ந்தாலும் அந்தத் தண்டு சற்று நேரம் பழைய தளத்திலேயே சுற்றும்; அந்த வித்தியாசம் பிளேடின் கோணத்தைத் திருத்தும். பிற்கால ஆர்.சி. ஹெலிகாப்டர்களில் ரோட்டருக்குக் குறுக்கே நிற்கும் ஃப்ளைபார் என்ற தண்டு, இந்த யோசனையையும் தண்டின் நுனியில் சின்னத் துடுப்பு வைக்கும் ஹில்லர் முறையையும் சேர்த்துச் செய்ததுதான். இன்று அந்த வேலையை எலக்ட்ரானிக் ஜைரோ பார்க்கிறது. நிறைய மாடல்களில் அந்தத் தண்டு அழகுக்காக மட்டும் நிற்கிறது. அழகுக்கு நின்றாலும் அதுவும் சேர்ந்துதான் சுற்றுகிறது. அதன் நுனி எடையின் திருகு கழலாமல் இருக்க லாக்டைட் பசை போட்டீர்களா என்று பாருங்கள்.

இன்னொன்று, திசை. அசல் பெல் 47-இன் ரோட்டர் மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றும். ஆர்.சி. மெக்கானிக்ஸ், அதாவது மாடலின் ரோட்டரைச் சுற்றவைக்கும் உள் அமைப்பு, பெரும்பாலும் வலஞ்சுழி. அசலைப் போலவே இருக்கட்டும் என்று திசையை மாற்றுகிறவர்கள் பிளேடை மாற்றுவார்கள், மூக்கு தானாகத் திரும்பாமல் பிடிக்கும் டெயில் ஜைரோவை மறந்துவிடுவார்கள். ஜைரோ தலைகீழாக வேலை செய்தால் தரையை விட்டு எழும்பியதுமே பம்பரம்தான். அதனால் மோட்டார் வயரைக் கழற்றிவிட்டு, மூக்கைக் கையால் திருப்பிப் பாருங்கள். டெயில் பிளேடு அதை எதிர்த்துத் தள்ளும் பக்கம் சாய வேண்டும். இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமல் நான் எந்த மாடலையும் வெளியே விடுவதில்லை.

மேஜையில் செட்டிங் பார்க்கும்போது பிளேடு மாட்டவே கூடாது. மைதானத்தில், மோட்டார் சுற்றாமல் தடுக்கும் த்ராட்டில் ஹோல்ட் சுவிட்சைப் போட்ட பிறகே பேட்டரி இணைப்பு. எலக்ட்ரிக் மோட்டார் கிளம்பப் போகிறேன் என்று சத்தம் கொடுக்காது. அப்புறம், வேடிக்கை பார்க்க வந்தவர்கள், முக்கியமாகக் குழந்தைகள், பைலட்டுக்குப் பின்னால் நன்றாகத் தள்ளி நிற்கட்டும். ரோட்டர் சுற்றும் தளத்துக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது. உடைந்த பிளேடு அந்த வாக்கில்தான் பறக்கும்.

அந்தத் தம்பிக்கு ஒரு ஜோடி ஃபைபர் பிளேடு போட்டுக் கொடுத்தேன். பழையதை ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். வேறு யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாதென்று அவர் எதிரிலேயே நடுவில் அறுத்தேன். வேர் இருக்கும் பாதியை என் மேஜைக்கு மேல் தொங்கவிட்டிருக்கிறேன்; கடைக்கு வருகிறவர்களிடம் கொடுத்து, கட்டைவிரலை வைத்து வளைத்துப் பார்க்கச் சொல்கிறேன்.