புகைப்படத்தில் இல்லாத இருள்

வீடுகளுக்கு ஒளியமைப்பு வரைந்து கொடுப்பது என் தொழில். "ஜப்பானியத் தேநீர் அறை மாதிரி ஒன்று வேண்டும்" என்று வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் ஒரு புகைப்படம் இருக்கும். அதில் காகிதச் சன்னல் பளீரென்று வெளுத்திருக்கும். மண்சுவரில் கலந்த வைக்கோலை எண்ணிவிடலாம் போலிருக்கும். அந்த வெளிச்சம் அந்த அறையில் கிடையாது. மங்கிய இடத்தில் கேமராவுக்கு நெடுநேரம் ஒளியைக் குடிக்கக் கொடுத்து எடுத்த படம் அது. அதை நம்பி, காகிதத்துக்குப் பின்னால் எல்.இ.டி. பலகை பொருத்தி, கூரையிலும் விளக்குகளைப் பதித்துவிடுகிறார்கள். உள்ளே உட்கார்ந்தால் நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்ததுபோல் இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அப்படி ஒன்றை வரைந்து கொடுத்தேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

கியோட்டோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே, ஓயாமசாகியில் உள்ள மியோகியான் கோயிலில் தாய்ஆன் என்ற தேநீர் அறை இருக்கிறது. 1582ஆம் ஆண்டை ஒட்டி, தேநீர்க் கலையின் பேராசான் சென் நோ ரிக்யூ அமைத்தது என்று சொல்லப்படுவது. விருந்தளிப்பவரும் விருந்தினரும் அமரும் பரப்பு மொத்தம் இரண்டே டாடாமி பாய். உள்ளே ஏற அனுமதி இல்லை. முன்பதிவு செய்துகொண்டு போய், 80 சென்டிமீட்டர் உயரம்கூட இல்லாத நுழைவாயிலின் வெளியே குனிந்து எட்டிப் பார்க்க வேண்டும்.

முதலில் எதுவும் தெரியாது. பலர் அந்த நிலையிலேயே எழுந்து போய்விடுகிறார்கள். வெயிலில் நடந்து வந்த கண்ணுக்கு மங்கல் பழகச் சில நிமிடமாவது வேண்டும்; முழு இருளுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். தேநீர் விருந்துக்குப் போகிறவர்களை மரநிழலில் கல் கல்லாக நடக்கவிட்டு, தோட்டத்து இருக்கையில் காக்கவைத்து, பிறகே உள்ளே அழைப்பார்கள். மனத்தை அடக்கத்தான் அந்த நடை என்பார்கள். கண்ணுக்கும் அதுதான் மருந்து என்பேன்.

தாய்ஆனின் சன்னல்களில் எனக்கு மிகவும் பிடித்தவை கிழக்குச் சுவரில் இருப்பவை. ஷிதாஜிமாதோ என்பது அந்த வகையின் பெயர். மண்சுவர் எழுப்பும்போது ஓரிடத்தில் மட்டும் பூசாமல் விட்டால் உள்ளிருக்கும் நாணல் வரிச்சு வெளியே தெரியும் அல்லவா, அதுவே சன்னல். உட்புறம் ஷோஜி, அதாவது காகிதம் ஒட்டிய மரச்சட்டம். வெயில் நேரே உள்ளே வருவது அரிது. இறவாரம் அதை மறித்துவிடும். தரையிலும் பாசியிலும் பட்டு மேலே எழும்பும் ஒளிதான் காகிதத்துக்கு வந்து சேர்கிறது. காகித முசுக்கட்டைப் பட்டையின் நீண்ட நார்கள் அதைச் சிதறடிக்கின்றன. வரிச்சின் நிழல் மட்டும் மங்கலாகக் காகிதத்தில் விழுந்து, பொழுதோடு மாறுகிறது.

வந்த ஒளியில் பெரும்பங்கைக் கருமையேறிய மண்சுவர் விழுங்கிவிடுகிறது. எதிரே சுருட்சித்திரமும் பூவும் வைக்கும் மாடத்தின் உள்மூலைகளைக் கோடே தெரியாதபடி மண்ணால் வளைத்துப் பூசியிருக்கிறார்கள். அளந்து பார்க்கக் கண்ணுக்கு ஒரு விளிம்பு கிடைப்பதில்லை. இரண்டு பாய் அறை ஆழமாகத் தோன்றுவது அதனால்தான். அங்கே ஒரு விளக்கை ஏற்றினால் மூலை வந்துவிடும், அறை சுருங்கிவிடும்.

இந்த ஒளி ஒரே நிலையில் நிற்பதும் இல்லை. முறையான விருந்தின் முற்பகுதியில் சன்னல்களுக்கு வெளியே மூங்கில் தட்டி தொங்கும். உணவு முடிந்து விருந்தினர் தோட்டத்துக்குப் போனதும் சித்திரத்தை எடுத்துவிட்டுப் பூ வைப்பார்கள். பிற்பகுதியில் தட்டிகளை அகற்றிவிடுவார்கள். அப்போது பாய்கிற மெல்லிய வெளிச்சத்தில், ராக்கு எனப்படும் கறுப்பு மண்கிண்ணத்தின் அடியில், பச்சைத் தேயிலைத் தூளைக் குழைத்த கெட்டித் தேநீரின் பச்சை தெரிகிறது. வைகறை விருந்து என்றே ஒன்று உண்டு: விளக்கொளியில் தொடங்கி, வானம் வெளுக்கும்போது கூரையில் இருக்கும் சிறு கதவைக் கோலால் உயர்த்தி விடியலை உள்ளே விடுவார்கள். எந்த மின்பலகையாலும் செய்ய முடியாத வேலை அது.

எல்லோரும் ரிக்யூ வழியிலேயே போனார்கள் என்று எண்ண வேண்டாம். போர்த்தலைவர் ஓடா நோபுனாகாவின் தம்பி உராகு 1618 வாக்கில் கட்டிய ஜோஆன் என்ற தேநீர் அறை இப்போது இனுயாமா நகரில் இருக்கிறது. அதன் இரண்டு சன்னல்களில் மூங்கில்களை நெருக்கி அடித்திருக்கிறார்கள். இடுக்குகளில் மட்டும் ஒளி இழை இழையாகக் கசிகிறது. உராகு சன்னல் என்றே அவற்றுக்குப் பெயர்.

இப்போது என்னிடம் வருகிறவர்களுக்கு முதல் நாள் நான் எதையும் வரைந்து காட்டுவதில்லை. எந்தச் சுவர், எந்தப் பொழுதில் அங்கே உட்காருவார்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு சன்னல் போதும். உள்பூச்சு வெள்ளையாக வேண்டாம். பிளாஸ்டிக் தாள் வேண்டாம், கிழிந்தால் மாற்றிக்கொள்ளலாம், காகிதமே ஒட்டுங்கள் என்கிறேன். இரவுக்கு விளக்கு வேண்டுமென்றால் தரைக்கு அருகே ஒன்று.

ஓயாமசாகிக்குப் போகிறவர்கள் வாயிலில் குனிந்ததும் பின்வாங்கிவிடாதீர்கள். வரிசையில் பின்னால் இருப்பவரிடம் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கூடுதலாக ஒரு நிமிடம் கேட்டு வாங்குங்கள். முதலில் காகிதம் தெரியும். பிறகு பாயின் விளிம்பு. அதற்கும் பிறகு, கறுப்பென்று நினைத்த சுவரில் வைக்கோல் ஒவ்வொன்றாக மேலே வரும்.