விழுப்புண்: விழுந்து பட்ட புண் அல்ல

2020 டிசம்பர். கேரளத்தில் உள்ளாட்சித் தேர்தல் நேரம். கொழிஞ்சாம்பாறையில் ஒரு சின்ன அச்சகத்தில், முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, நோட்டீஸுக்கு மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம் எங்கள் ஊர். தேர்தல் வந்தால் எல்லாம் இரண்டு தடவை அச்சாகும், மலையாளத்தில் ஒன்று, தமிழில் ஒன்று.

வேட்பாளர் எங்கள் தெருக்காரர். ஊருக்கே அவர் பட்டாளத்தண்ணன். 2002-இல், ஆபரேஷன் பராக்ரம் என்று படையை எல்லை நெடுகக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்களே, அப்போது ராஜஸ்தான் பக்கம் கண்ணிவெடியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். பூனாவில் ராணுவத்தின் செயற்கை உறுப்பு மையத்தில் புதுக்கால் பொருத்தி அனுப்பினார்கள். அதைப் 'பூனாக்கால்' என்றுதான் சொல்வார். சாயங்காலம் திண்ணைக்கு வந்ததும் மற்றவர்கள் செருப்பைக் கழற்றுவதுபோல அதைக் கழற்றி, சாக்ஸை உள்ளே சுருட்டிவைத்து, சுவரோரம் சாய்த்துவிட்டு வெற்றிலைப் பெட்டியை இழுப்பார்.

மலையாள நோட்டீஸில் அவர் பெயருக்குக் கீழே 'விமுக்தபடன்', அதாவது முன்னாள் படைவீரர், என்று இருந்தது. தமிழில் அடித்த பையன் 'ஊனமுற்ற முன்னாள் ராணுவ வீரர்' என்று போட்டிருந்தான். எனக்கு உறுத்தியது. அதை அடித்துவிட்டு 'விழுப்புண் தாங்கிய வீரர்' என்று எழுதிக் காட்டினேன். அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"நான் எங்கீங்க தம்பி விழுந்தேன்? அது என்னையத் தூக்கியில்ல போட்டுச்சு!"

அச்சகமே சிரித்தது. நானும்தான். ஆனால் அந்தத் தப்பு அவர் ஒருவருடையது இல்லை. பைக்கிலிருந்து விழுந்து முட்டி சிராய்த்தவர்கள் எல்லாம் வாட்ஸாப்பில் 'விழுப்புண்' என்று படம் போடுகிறார்கள். கேலிக்கு என்றால் சரி, போகட்டும். பலர் நிஜமாகவே அதுதான் பொருள் என்று நம்புகிறார்கள்.

நடுவில் நிற்கும் 'ப்' என்ற ஒற்றைப் பாருங்கள். விழு என்ற வினையோடு புண் சேர்ந்தால் அது வினைத்தொகை. வினைத்தொகையில் வல்லெழுத்து மிகாது. ஊறுகாய், சுடுசோறு, குடிதண்ணீர் என்றுதானே சொல்கிறோம்? அந்தக் கணக்கில் 'விழுபுண்' என்று வந்திருக்க வேண்டும். 'ப்' மிகுந்து நிற்பதால் இந்த விழு வேறு. இது உரிச்சொல், சிறந்த, மேலான என்று பொருள். விழுப்பொருள், விழுமியம் எல்லாம் இதன் உறவு. 'ஒழுக்கம் விழுப்பம் தரலான்' என்ற குறளில் வரும் விழுப்பமும் அதே வீட்டுப் பிள்ளைதான்.

இதே குடும்பத்தில் விழுமம் என்று ஒரு சொல் உண்டு. தொல்காப்பியத்தின் உரியியல் அதற்கு மூன்று பொருள் தருகிறது: சீர்மை, சிறப்பு, இடும்பை. இடும்பை என்றால் துன்பம். உயர்வும் வலியும் ஒரே சொல்லுக்குள் எப்படி வந்து குடியேறின என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. அண்ணன் திண்ணையில் காலைக் கழற்றும்போது அந்த மூன்று பொருளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றும்.

எல்லைப்புறத்தில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு தொல்லையும் இருக்கிறது. மலையாளத்தில் 'விழுப்பு' என்றால் அழுக்குத்துணி. விழுப்பு அலக்குவது என்றால் அழுக்குத் துணி துவைப்பது. பாலக்காட்டுத் தமிழ் பிராமண வீடுகளில் குளிக்காமல் இருப்பதற்கும் விழுப்பு என்றே பெயர். ஆக, நோட்டீஸில் 'விழுப்புண்' என்று கண்டால் பாதி வாக்காளர் விழுந்தவர் என்று நினைப்பார்கள், மீதிப் பேர் குளிக்காதவர் என்று நினைப்பார்கள்!

'புண்' என்ற பாதியும் நிறம் மாறிவிட்டது. பழந்தமிழில் வாள் வெட்டு, வேல் குத்து எல்லாமே புண்தான். இன்று புண் என்றால் வாய்ப்புண், குடல்புண், ஆறாத சர்க்கரைப்புண். மலையாளத்தில் 'புண்ணு'வும் அப்படியே. வெட்டுப்பட்டால் 'முறிவு', அடிபட்டால் 'பரிக்கு'. நாம் அந்த இடத்தில் காயம் என்கிறோம். தெலுங்கிலும் அதே சொல்தான். இந்தியில் காயம்பட்டவரை 'காயல்' என்பார்கள். அண்ணன் ஆஸ்பத்திரியில் இருந்தபோது டாக்டர்கள் 'காயல், காயல்' என்று பேசிக்கொள்ள, இவர் பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் ஆலப்புழைக்காரர் போல என்று நினைத்தாராம். நம் பக்கத்தில் காயல் என்றால் உப்பங்கழி ஆயிற்றே.

சரி, விழுப்புண் எங்கே வருகிறது? எல்லோருக்கும் தெரிந்த இடம் குறள் 776:

விழுப்புண் படாதநாள் எல்லாம் வழுக்கினுள்
வைக்கும்தன் நாளை எடுத்து.

வீரன் தன் நாள்களை எண்ணிப் பார்க்கும்போது, விழுப்புண் படாத நாள்களை வீணான நாள்கள் பக்கம் தள்ளிவிடுவான் என்கிறது. பரிமேலழகர் விழுப்புண்ணுக்கு முகத்திலும் மார்பிலும் பட்ட புண் என்று உரை சொல்கிறார். இங்கேதான் சிக்கல். புண் எங்கே பட்டது என்பதை வைத்து மதிப்பு. முதுகில் பட்டால் அது புறப்புண், அவமானம். எங்கள் மண்ணை ஆண்ட சேரர் குடியிலேயே இதற்கு ஒரு கதை உண்டு. வெண்ணிப் பறந்தலையில் கரிகாலனோடு பொருத சேர மன்னன், புறப்புண் பட்டதற்கு நாணி, வாளோடு வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உண்ணாமல் இருந்து, உயிர்விட்டான். புறநானூறு அவனை உயர்த்தித்தான் பாடுகிறது. எனக்கோ அந்தப் பாட்டைப் படிக்கும்போதெல்லாம், பிழைத்து வந்து இன்னும் இருபது வருஷம் ஆண்டிருக்கலாமே என்றுதான் தோன்றும்.

இன்றைய போரில் இந்த அளவுகோல் நிற்காது. கண்ணிவெடிக்கு முன்னும் பின்னும் கிடையாது, கீழே இருந்து வரும். முரளிகாந்த் பேட்கரை எடுத்துக்கொள்ளுங்கள். ராணுவத்தில் குத்துச்சண்டைக்காரராக இருந்தவர். 1965 போரில் குண்டுகள் பாய்ந்தன, ஒன்று முதுகெலும்பிலேயே தங்கிவிட்டது, இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. பழைய கணக்குப்படி முதுகில் தங்கிய குண்டை எந்தப் பட்டியலில் வைப்பது? அவர் குளத்தில் இறங்கி நீந்தப் பழகினார். 1972-இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் நடந்த பாராலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலை 37.33 விநாடியில் முடித்து உலக சாதனையோடு தங்கம் வென்றார். அந்தப் போட்டிகளில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. பத்மஸ்ரீ கிடைத்தது 2018-இல். நாற்பத்தாறு வருஷம் கழித்து!

ஆகவே என் கட்சி இது: விழுப்புண் என்ற சொல்லை இன்று எடுத்துக்கொள்ளும்போது மார்பு, முகம் என்ற பழைய நிபந்தனையைக் கழற்றிவிட வேண்டும். கடமையில் இருக்கும்போது பட்டது என்பது போதும்.

பழம்பாடல்களும் மார்பை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. நெடுநல்வாடையின் கடைசிப் பகுதியில் நள்ளிரவு, வாடைக்காற்று, சேற்றுத் தெரு. வேப்பந்தழை கட்டிய வேலோடு ஒருவன் முன்னே சென்று காயம்பட்டவர்களை ஆளாளாகக் காட்டிவர, அரசன் 'ஒளிறுவாள் விழுப்புண் காணிய' பாசறையில் நடக்கிறான். ஒரு கை நழுவும் மேலாடையைப் பிடித்திருக்கிறது, மறு கை ஓர் இளைஞனின் தோளில். தலைக்கு மேல் குடையில் மழைத்துளி. பேச்சே இல்லாத காட்சி. புறநானூறு 281-இல் அரிசில் கிழார் வீட்டுக்குள்ளேயே கூட்டிப்போகிறார். இரவமர இலையையும் வேப்பிலையையும் கூரையில் செருகி, யாழ் வாசித்து, வெண்சிறுகடுகு தூவி, மணி அடித்து, நறும்புகை போட்டு, 'காக்கம் வம்மோ காதலந் தோழீ' என்று ஒரு பெண் தோழியை அழைக்கிறாள். காக்கப்போவது, வேந்தனுக்கு வந்த விழுமத்தைத் தாங்கியவனின் புண்ணை. தொல்காப்பியம் இந்தத் துறைக்கு, அதாவது இந்தப் பாடுபொருளுக்கு, தொடாக்காஞ்சி என்று பெயர் வைத்து, காயம்பட்டவனைப் புண்ணோன் என்கிறது.

புண்ணோன்! வூண்டட் சோல்ஜர் என்பதற்கு ஒரே சொல்லாக இவ்வளவு சின்னதாக வேறு எதுவும் என் கண்ணில் படவில்லை. ஆனால் இன்று ஒருவரைப் பார்த்து இப்படிச் சொன்னால் மருந்துக்கடைக்கு வழி கேட்பார்.

கவனித்தீர்களா, இந்தப் பாடல்கள் எல்லாம் அந்த இரவோடு நின்றுவிடுகின்றன. புண் ஆறி எழுந்தவன் அடுத்த முப்பது வருஷம் என்ன செய்தான் என்பதற்கு நம்மிடம் துறையும் இல்லை, தனிப்பெயரும் இல்லை. இறந்தவனுக்கு நடுகல் உண்டு. அந்தக் காலியிடத்தில்தான் இன்று அடுத்த மொழிச் சொற்கள் வந்து உட்காருகின்றன.

ராணுவத்தில் 'போர்டு அவுட்' என்பார்கள், மருத்துவக் குழு பார்த்து வேலைக்கு ஆகாது என்று அனுப்பிவிட்டதாக அர்த்தம். 'வெட்டரன்' லத்தீன் வழி வந்தது, வேரில் 'பழைய' என்ற பொருள். இருபத்தெட்டு வயதில் கால் போனவருக்கு அது பொருந்துவது ஒரு விசித்திரம். மலையாள விமுக்தபடன் எனக்குப் பிடிக்கும். விமுக்த என்றால் விடுபட்ட, முக்தியின் சொந்தம். படன் வடமொழி 'பட' என்பதிலிருந்து வந்தது. தமிழில் எமபடர் என்று நாம் சொல்கிற அதே படர். ஆதியில் அதற்குக் கூலிக்கு அமர்த்தப்பட்டவன் என்று பொருள். சம்பளத்திலிருந்து விடுதலை பெற்றவர் என்று பிரித்தால் அண்ணன் சண்டைக்கு வருவார், பென்ஷன் பாக்கி இருக்கிறது என்று.

தமிழில் சரியான பொதுச்சொல் முன்னாள் படைவீரர். அதில் எனக்குக் குறையில்லை. 'ஊனமுற்ற' என்பதில்தான் குறை. ஊனம் வடமொழியில் குறைவு என்ற பொருளுடைய சொல். கால் குறைந்ததற்கு ஆளையே குறைத்துச் சொல்கிற மாதிரி இருக்கிறது. தமிழ்நாட்டில் அதை மாற்றுத்திறனாளி என்று ஆக்கி வருஷங்கள் ஆகின்றன, கேரளத்தில் 'பின்னசேஷி'. பஞ்சாயத்து அலுவலகப் படிவத்துக்கு அவை சரி. ஆனால் படையில் பட்ட காயம் என்ற செய்தி அவற்றில் இல்லை. அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் 'விழுப்புண் தாங்கிய' என்பதே என் தேர்வு. 'விழுப்புண் பட்ட' என்றும் சொல்லலாம்தான். ஆனால் புண்பட்டார் என்றாலே இன்று யாரோ எதையோ பேசி மனசு நொந்துவிட்டது என்றுதான் படிக்கிறோம். 'தாங்கிய' என்பதில் அன்று பட்டதும் இன்றும் சுமப்பதும் இரண்டும் இருக்கின்றன. ரீஹபிலிடேஷனுக்கு மலையாளத்தார் 'புனரதிவாசம்' என்கிறார்கள், மறுபடி குடியமர்த்துவது. நம் மறுவாழ்வு அதைவிட ஒரு படி மேல் என்பேன். வீடு கொடுப்பதோடு நிற்காமல் வாழ்வு என்கிறதே.

நம் ராணுவ அதிகாரி இயான் கார்டோசோ 1971 போரில் கண்ணிவெடியில் சிதைந்த தன் காலைக் குக்ரிக் கத்தியால் தானே வெட்டிக்கொண்டவர். அந்தக் கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதன்பிறகு செயற்கைக் காலோடு காலாட்படைப் பட்டாலியனுக்கே தலைமை ஏற்றதையும், ஓய்வுக்குப் பின் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் தலைவராக இருந்ததையும் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அமெரிக்காவில் ராணுவ ஹெலிகாப்டர் விமானி டாமி டக்வொர்த் 2004-இல் இராக்கில் ஹெலிகாப்டர் தாக்கப்பட்டு இரு கால்களையும் இழந்தார். 2017 முதல் செனட்டர். அவரைப் பற்றிய செய்திகளிலும் காலுக்குப் பிறகுதான் செனட் வேலை வருகிறது.

இதையெல்லாம் அச்சகத்திலேயே அண்ணனிடம் ஒரு மூச்சு சொன்னேன். 'ப்' கதை அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பையனிடம் இரண்டு தடவை திருப்பிச் சொன்னார். அப்புறம் பேனாவை என்னிடமிருந்து வாங்கி, நான் எழுதிய 'விழுப்புண் தாங்கிய' என்பதை அடித்தார்.

"நல்ல சொல்லுங்க தம்பி. என்ற வாழ்த்துமடல்ல போடுங்க. நோட்டீஸ்ல முன்னாள் படைவீரர் போதும். காலப் பாத்தா ஓட்டுப் போடப்போறாங்க?"

பேனாவைத் திருப்பித் தரவில்லை. கீழே வாக்குறுதிப் பகுதிக்குப் போனார். ஆழியாற்றுத் தண்ணீர் எங்கள் பக்கத்துக் கால்வாய்களுக்கு வருவது மூலத்தரா தடுப்பணை வழியாக. பையன் அதை 'மூலத்துறை' என்று அடித்திருந்தான்.

"இது சிறுமுகைப் பக்கம் இருக்கற ஊருங்க தம்பி. இப்படிப் போட்டா நம்ம வாய்க்காலுக்குத் தண்ணி எங்கிருந்து வரும்?" என்று துறையை வட்டமிட்டுத் தரா என்று திருத்தினார். அடுத்த வரியில் 'தெருவிழக்கு' இருந்தது. அதையும் வட்டமிட்டார்.